கண்டக்டிங் மாஸ்டர்ஸ் அப்ளிகேஷன், காசு கட்டினவன் எழுதுற ரிவ்யூ

மிக்ஸிக்கு ரிவ்யூ இருக்கு, முட்டுச்சந்து பிரியாணி கடைக்கு கூட நானூறு பேர் ரிவ்யூ எழுதியிருக்காங்க, ஆனா கையில இருக்கற சேமிப்பு மொத்தத்தையும் முழுங்குற இந்த அமெரிக்க மியூசிக் ஸ்கூல் அப்ளிகேஷனுக்கு தமிழ்ல ஒருத்தரும் எழுதல. போன வருஷம் நான் தேடு தேடுன்னு தேடினப்ப கிடைச்சதெல்லாம் எம்எஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ் பத்தி மட்டும்தான். சரி காசு குடுத்து வாங்கின எதுக்கும் ரிவ்யூ எழுதலாம்ல, இதுவும் ஒரு சர்வீஸ்தானே, அப்ளிகேஷன் ஃபீஸ்னு வாங்குறாங்கல்ல, அதனால நானே எழுதுறேன்.

முதல்ல நான் யாருன்னு. சென்னைல ஒரு சிஎஸ்ஐ சர்ச்ல ஒம்போது வருஷமா கொயர் நடத்துறேன், பகல்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங். பியானோ கிரேடு எக்ஸாம் எல்லாம் எழுதி முடிச்சவன், மியூசிக்ல டிகிரி கிடையாது, பிகாம்தான். அப்ளை பண்ணது மாஸ்டர் ஆஃப் மியூசிக், கண்டக்டிங், அதாவது குழுவுக்கு முன்னாடி நின்னு கையாலயே வழி நடத்துறது. மொத்தம் அஞ்சு ஸ்கூல், மூணுல கோரல், அதாவது பாடுற கொயர நடத்துறது, ரெண்டுல ஆர்கெஸ்ட்ரா, அதாவது வாத்தியக்காரங்கள நடத்துறது. ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு மூணரை. மிச்ச ஒன்றரை எங்க விழுந்துச்சுன்னு போகப்போக தெரியும்.

கண்டக்டிங்னா என்னன்னு எங்க வீட்லயே பல வருஷம் யாருக்கும் புரியல. 2025 மார்ச்ல இளையராஜா லண்டன்ல சிம்பொனி பண்ணப்ப ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசிச்சது, மிகெல் டாம்ஸ்னு ஒருத்தர் கண்டக்ட் பண்ணார், அந்த வீடியோவ பாத்துட்டு எங்கம்மா கேட்டாங்க, "எழுதினது ராஜா சார், வாசிக்கிறது அவங்க, அப்புறம் நடுவுல நிக்கிறானே அவனுக்கு என்னடா வேலை?" நான் ஏதோ சொல்லி சமாளிச்சேன். அடுத்த ஆறு மாசம் அந்த அஞ்சு ஸ்கூலும் என்கிட்ட கேட்டது அதே கேள்விதான், ஃபீஸ் வாங்கிட்டு கேட்டாங்க அவ்ளோதான் வித்தியாசம்.

கோரல் வேற ஆர்கெஸ்ட்ரா வேறங்கிறது நிறைய பேருக்கு தெரியாது, எனக்கே தெரியாது. ஒரு அப்ளிகேஷன் போட்டா ரெண்டும் கத்துக்கலாம்னு நினைச்சேன், பெரும்பாலான இடத்துல தனித்தனி டிகிரி, தனித்தனி புரொஃபசர், தனித்தனி வீடியோ. ஜூலியார்ட், கர்ட்டிஸ் மாதிரி பேர் போன மியூசிக் ஸ்கூல்ல ஆர்கெஸ்ட்ரா கண்டக்டிங்தான். வெஸ்ட்மின்ஸ்டர் கொயர் காலேஜ்னா பேர்லயே இருக்கு, அது 2020ல பிரின்ஸ்டன்லேர்ந்து லாரன்ஸ்வில் கேம்பஸுக்கு மாறிடுச்சு, பழைய அட்ரஸ் பாத்து கனவு காணாதீங்க. யேல்ல ரெண்டும் இருக்கு, அங்க மியூசிக் ஸ்கூல்ல 2006லேர்ந்து டியூஷன் ஃபீஸே கிடையாது, கர்ட்டிஸ்ல 1928லேர்ந்தே கிடையாது. ஃப்ரீன்னதும் ஓடாதீங்க, உலகத்துல இருக்கற எல்லாரும் அதே காரணத்துக்காக அங்கதான் ஓடுறாங்க, ஒரு வருஷத்துக்கு கண்டக்டிங்ல எடுக்கறது விரல் விட்டு எண்ற அளவு ஆளுங்கதான்.

இப்ப கன்சல்டன்சிக்கு வரேன். பேர் சொல்லல, ஊருக்கு பத்து இருக்கு அதுல ஒண்ணு. அறுபதாயிரம் கட்டினேன். முதல் மீட்டிங்குக்கு போறேன், மேஜைல என் ஃபைல், மேல ஸ்கெட்ச் பேனால "செமிகண்டக்டர்"னு எழுதியிருக்கு. சத்தியமா. நான் மியூசிக்ன்னு சொன்னதும் அந்த பொண்ணு ரொம்ப கூலா "ஓ சவுண்ட் இன்ஜினியரிங்கா சார்"ன்னு அடுத்த ஃபைல எடுத்துச்சு. அவங்க குடுத்த எஸ்ஓபி, அதாவது ஏன் படிக்க வரேன்னு எழுதுற கட்டுரை, அதோட டெம்ப்ளேட்ல முதல் வரி, சின்ன வயசுலேர்ந்தே இசை என் ரத்தத்துல ஓடுது. ரத்தத்துல ஓடுறத ஸ்கூல்காரன் என்ன பண்ணுவான், பிளட் டெஸ்டா எடுப்பான். அத தூக்கி போட்டுட்டு, பாதி பேருக்கு நோட்ஸ் படிக்க தெரியாத இருபத்தெட்டு பேர நாலு குரல்ல பாட வெக்கிறதுல எனக்கு என்ன தெரிஞ்சது என்ன தெரியலன்னு நானே எழுதினேன். அத கூட மன்னிச்சிடுவேன், ஆனா அவங்க சொன்ன இன்னொரு அட்வைஸ்தான் என் ரெண்டு மாசத்த தின்னுச்சு. "உங்க பெஸ்ட் ப்ரோக்ராம் வீடியோவ அனுப்புங்க சார், லைட்டிங் நல்லா இருக்கட்டும்."

எங்க கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸ் வீடியோ சும்மா அள்ளும், கல்யாண வீடியோ எடுக்கற தம்பி ஒருத்தர் எடுத்தது, ட்ரோன் வெச்சு கோபுரத்துலேர்ந்து இறங்கி வந்து கதவு வழியா உள்ள நுழைஞ்சு மெழுகுவத்தி மேல ஃபோகஸ் பண்ணி அப்படியே கொயர் முகங்களுக்கு போகும், அல்லேலூயா கோரஸ் வர்றப்ப ஸ்லோமோஷன் வேற. பாத்த எல்லாரும் அழுதாங்க. நான் எங்க இருக்கேன்னா முழு வீடியோவுலயும் என் முதுகு, அதுவும் பதினோரு செகண்ட். அத அப்படியே அப்லோட் பண்ண இருந்தேன். ஒரு ஸ்கூலோட ஆடிஷன் பேஜ கடைசி வரைக்கும் படிச்சதுனால தப்பிச்சேன். அதுல தெளிவா போட்டிருக்கு, கேமரா பாடுறவங்க பக்கத்துலேர்ந்து கண்டக்டர பாத்து இருக்கணும், முகமும் ரெண்டு கையும் முழுசா தெரியணும், எடிட் பண்ணக்கூடாது, அதோட முக்கியமா ரிஹர்சல் ஃபுட்டேஜ் வேணும். ப்ரோக்ராம் மட்டும் போதாது, நீ நிறுத்தி திருத்துறத பாக்கணும்ங்கறாங்க. மத்த நாலு ஸ்கூல் பேஜும் படிச்சேன், நிமிஷக் கணக்கு மாறுதே தவிர கேட்கறது இதேதான்.

நேர்ல கூப்பிடறதுக்கு முன்னாடி ஆள வடிகட்ட கேக்கற இந்த ப்ரீஸ்கிரீனிங் வீடியோதான் அப்ளிகேஷனே, மத்ததெல்லாம் சாம்பாருக்கு பக்கத்துல வெக்கிற ஊறுகாய். டிசம்பர் 1 பெரும்பாலான மியூசிக் ஸ்கூலோட கடைசி தேதி, அன்னிக்கு வீடியோ உள்ள போகலன்னா உங்க மார்க் ஷீட்ட யாரும் திறந்து பாக்க போறதில்ல. பதினஞ்சு இருபது நிமிஷம், ரெண்டு மூணு மாறுபட்ட பீஸ், ஒண்ணு வேகம் ஒண்ணு நிதானம்.

சரின்னு அதே வீடியோ தம்பிய திரும்ப கூப்ட்டேன். ஆல்டோ வரிசைக்கும் (பெண்கள்ல கீழ்க்குரல்) டெனர் வரிசைக்கும் (ஆண்கள்ல மேல்குரல்) நடுவுல ட்ரைபாட வெச்சு என்ன மட்டும் எடு, நகராதன்னேன். தம்பிக்கு மனசே ஒப்பல. "அண்ணா ஒரே ஃப்ரேமாண்ணா? இருபது நிமிஷமா? ஒரு கட் கூட இல்லாமயா?"ன்னு அடக்கத்துக்கு வந்தவன் மாதிரி மூஞ்ச வெச்சுக்கிட்டான். ஆனா பையன் பிரமாதமா எடுத்தான், சவுண்டுக்கு தனி ரெக்கார்டர் வெச்சான், எக்ஸ்ட்ரா காசும் வாங்கல. இந்த மொத்த சர்வீஸ்ல அஞ்சுக்கு அஞ்சு வாங்கின ஒரே ஆள் அவன்தான்.

அப்புறம் வீட்டுக்கு வந்து அந்த ஃபுட்டேஜ போட்டு பாத்தேன் பாருங்க. ஒம்போது வருஷமா கொயர் நடத்துறேன், என் முகத்த அன்னிக்குதான் பாக்கறேன். புருவத்த சுருக்கிக்கிட்டு, வாய் ஓரமா இழுத்துக்கிட்டு, வட்டிக்காரன் வாசல்ல நிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி. இந்த மூஞ்சிய பாத்துக்கிட்டா இத்தனை வருஷம் இந்த ஆன்ட்டிங்க "கர்த்தர் நல்லவர்"னு பாடினாங்க! இடது கை வலது கைய அப்படியே கண்ணாடி மாதிரி காப்பி அடிக்குது, தலை புக்குலயே புதைஞ்சிருக்கு. ஃபின்லாந்துல யோர்மா பனுலான்னு ஒரு பெரிய டீச்சர், சிபேலியஸ் அகாடமில 1973லேர்ந்து இருபது வருஷம் சொல்லிக் குடுத்தவர், அவர் கிளாஸ்ல ஒவ்வொரு தடவையும் வீடியோ எடுத்து ஸ்டூடண்ட்டையே பாக்க வெப்பாராம், இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கற ஃபின்லாந்து கண்டக்டர்ல நிறைய பேர் அவர்கிட்ட படிச்சவங்க. அது ஏன்னு எனக்கு அன்னிக்கு ராத்திரி புரிஞ்சுது. அப்ளை பண்றீங்களோ இல்லியோ, கொயர் நடத்துற யாரா இருந்தாலும் ஒரு தடவ ஃபோன அந்த பக்கம் வெச்சு எடுத்து பாருங்க, தனியா இருக்கும்போது பாருங்க.

அதுக்கப்புறம் ஜூம்ல ஒரு டீச்சர்கிட்ட ஆறு கிளாஸ் எடுத்தேன், கிளாஸுக்கு எண்பது டாலர், வலிச்சுது ஆனா வொர்த். முதல் கிளாஸ்லயே அவர் சொன்னது, உன் கை நடந்து முடிஞ்சத சொல்லுது, நடக்கப்போறத சொல்லல. எனக்கு அது நம்ம கணக்குலதான் விளங்குச்சு. நான் இத்தனை நாள் தாளம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். கச்சேரில முன் வரிசைல உக்காந்து தொடையில ஆதி தாளம் போடுற மாமா இருப்பார்ல, ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு வீச்சு தட்டு வீச்சு, எட்டு அட்சரம், இப்ப எங்க இருக்கோம்னு கணக்கு வெச்சுக்கிறார், அவர் கைய எடுத்துட்டு மூக்கு சொறிஞ்சாலும் மேடைல கச்சேரி நிக்காது. கண்டக்டர் கை அப்படி இல்ல, ஒரு அட்சரம் முன்னாடியே போயி எப்படி வரணும்னு சொல்லியாகணும், மெதுவாவா குத்தியா மூச்ச அடக்கியா எல்லாம் அந்த மேல தூக்குற ஒரு அசைவுல இருக்கணும், அத ப்ரெப் பீட்டுங்கறாங்க. பாடகர் மூச்சு எடுக்கறதுக்குள்ள நான் மூச்சு எடுத்திருக்கணும். ஆறு கிளாஸ்ல நாலு கிளாஸ் நாங்க இத மட்டும்தான் பண்ணோம், சத்தமே இல்லாம, ரூம்ல, நான் ஃபேன பாத்து மூச்சு இழுத்துக்கிட்டு. எங்கம்மா கதவுக்கு வெளியேர்ந்து "ஆஸ்துமா வந்துடுச்சா"ன்னு கேட்டாங்க.

கொயர் வீடியோக்கு எடுத்தது மொசார்ட்டோட ஆவே வேரும் கோர்புஸ்ங்கற லத்தீன் பாட்டு. 46 பார், அதாவது 46 தாளக் கட்டம்தான், மூணு நிமிஷம், எந்த சர்ச் கொயரும் பாடியிருக்கும். 1791 ஜூன்ல எழுதினது, அந்த டிசம்பர்ல ஆள் போயிட்டார். அவர் கையெழுத்துல டைனமிக்ஸ், அதாவது எங்க சத்தமா எங்க மெதுவான்னு பாத்தா ஆரம்பத்துல "சொட்டோ வோச்சே"ன்னு ஒரே ஒரு குறிப்பு, அடங்கின குரல்ல பாடுன்னு, அவ்ளோதான், மிச்சம் உன் பொறுப்பு. ஈஸி பீஸ்ன்னு எடுக்காதீங்க, இதுல ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. டி மேஜர்ல நிம்மதியா போயிட்டிருக்கும், "குயுஸ் லாத்துஸ்"ங்கற இடத்துல எஃப் மேஜர் பக்கம் திரும்பும், எங்க கொயர் சரியா அங்க சுருதி எறங்கும், ஒம்போது வருஷமா எறங்கியிருக்கு, நான் ஒம்போது வருஷமா கட்டைவிரல மேல காட்டி காட்டி கத்தியிருக்கேன். வீடியோக்காக முதல் தடவ யோசிச்சேன், ஏன் எறங்குதுன்னு. ஆல்டோ அந்த புது ஸ்வரத்த நம்பாம தொடறாங்க, பயந்து கீழயே தொட்டுட்டு நிக்கிறாங்க. ஆல்டோவ மட்டும் தனியா ரெண்டு தடவ ஹம் பண்ண வெச்சேன், அப்புறம் பேஸ்ங்கற ஆண்கள் கீழ்க்குரலோட சேத்து வெச்சேன், அப்புறம் எல்லாரையும். நின்னுச்சு. கேமரா ஓடிட்டிருக்கு, எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, அந்த சிரிப்பும் வீடியோல இருக்கு. பின்னாடி ஒரு ஸ்கூல்ல இன்டர்வியூல அந்த இடத்த குறிப்பிட்டுதான் பேசினாங்க. ட்ரோன் ஷாட்ட யாரும் கேக்கல.

ஆர்கெஸ்ட்ரா வீடியோ கதை வேற. சென்னைல ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்க போறது? நம்ம ஊர்ல நல்ல வயலின்காரங்களுக்கு பஞ்சம் இல்ல, சினிமா ரெக்கார்டிங்ல வாசிக்கிற அண்ணன்கள் இருக்காங்க, சைட் ரீடிங் எல்லாம் பக்காவா பண்ணுவாங்க. பதினோரு பேர ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் மூணு மணி நேரத்துக்கு பேசினேன், அந்த ஒரு மதியம் முப்பத்தெட்டாயிரம். மொசார்ட் பட்டியல்ல கே. 525ன்னு நம்பர் போட்ட ஸ்ட்ரிங்ஸ் பீஸோட முதல் மூவ்மென்ட், அப்புறம் இங்கிலாந்து கம்போசர் எல்கரோட ஸ்ட்ரிங்ஸ் செரனேட்ல நிதானமா போற லார்கெட்டோ பகுதி. எல்லாரும் உக்காந்தாச்சு, நான் கைய தூக்கறேன், மூத்த அண்ணன் ஒருத்தர் ரொம்ப மரியாதையா கேக்கறார், "தம்பி, க்ளிக் வரலியே?"

அதாவது அவங்க வாழ்க்கை முழுக்க ஹெட்ஃபோன்ல டிக் டிக்னு க்ளிக் ட்ராக் கேட்டு வாசிச்சவங்க. இடுப்ப ஒடிச்சு நான் முன்னாடி ஆடினாலும் யாரும் நிமிந்து பாக்கல, கண்ணு நோட்லயே, காது ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டு தானா சேந்து அழகா வாசிக்கிறாங்க. கே. 525 நான் இல்லாமலே ஓடுச்சு, உண்மைய சொல்லணும்னா நான் இல்லாதப்ப இன்னும் நல்லா இருந்திருக்கும். எல்கர்லதான் மாட்டிக்கிட்டோம், அங்க டெம்போ இழுத்து விட்டு இழுத்து விட்டு போகணும், க்ளிக்ல அடங்காது, அங்க வேற வழியில்லாம என்ன பாத்தாங்க. அந்த மூணு நிமிஷம் எனக்கு ஆயுசுக்கும் போதும். கைய கொஞ்சம் தாமதிச்சா பதினோரு வில்லும் தாமதிக்குது. முடிஞ்சதும் அந்த அண்ணன் "இது நல்லாருக்கே தம்பி"ன்னார். வீடியோல பாத்தா தெரியுது, முதல் பீஸ்ல நான் பயணி, ரெண்டாவதுல பாதி நேரம் டிரைவர். பாதி நேரம் போதாது போல, ஆர்கெஸ்ட்ராவுக்கு போட்ட ரெண்டு ஸ்கூலும் ப்ரீஸ்கிரீனிங்லயே கழட்டி விட்டுட்டாங்க. நியாயம்தான், நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். ஆனா காரணம் ஒரு வரி கூட சொல்ல மாட்டாங்க பாருங்க, அங்க அரை ஸ்டார் போச்சு. நூறு டாலருக்கு மேல வாங்கறீங்க, "உன்ன யாரும் பாக்கல"ன்னு மூணு வார்த்தை அனுப்பக்கூடாதா.

ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன் வரைக்கும் போறவங்களுக்கு ஒண்ணு, ஸ்ட்ராவின்ஸ்கியோட "சோல்ஜர்ஸ் டேல்"ங்கற பீஸ அடிக்கடி வெப்பாங்க, 1918ல எழுதினது, ஏழு பேருக்குதான். ஆரம்ப மார்ச்ல மேல தாள அளவு மாறிக்கிட்டே இருக்கும், கீழ டபுள் பாஸ் எனக்கென்னன்னு ரெண்டு ரெண்டா நடந்து போயிட்டே இருக்கும். மத்த நாட்டுக்காரங்க இதுக்கு பயப்படுவாங்க, அஞ்சு ஏழுன்னு எண்ற கண்டம் மிஸ்ரம் காதுல ஊறின நமக்கு எண்றது பிரச்சனையே இல்ல, எண்ணிட்டு சும்மா இருந்துடுவோம், அதான் பிரச்சனை. முன்னாடி சொன்ன மாமா மாதிரி.

ஸ்கோர், அதாவது எல்லா பாகமும் சேந்த நோட்ஸ் விஷயத்துக்கு ஐஎம்எஸ்எல்பி சைட்டுக்கு கோயில் கட்டலாம். 2006ல ஆரம்பிச்சது, 2007 அக்டோபர்ல பப்ளிஷர் நோட்டீஸ்ல மூடிட்டு 2008ல திரும்ப வந்துச்சு, காப்பிரைட் முடிஞ்ச எல்லாம் ஃப்ரீ. ஆனா அதுல கிடைக்கறது நிறைய 19ஆம் நூற்றாண்டு எடிஷன், எடிட்டர் தன் இஷ்டத்துக்கு சேத்த குறியெல்லாம் இருக்கும். மொசார்ட்டுக்கு மட்டும் கவலை இல்ல, சால்ஸ்பர்க்ல இருக்கற மொசார்ட்டேயும் அமைப்புக்காரங்க மூலத்தோட ஒப்பிட்டு சரிபாத்த புது க்ரிட்டிக்கல் எடிஷன முழுசா ஆன்லைன்ல ஃப்ரீயா வெச்சிருக்காங்க. பேட்டன், அதாவது கண்டக்டர் கைல பிடிக்கற குச்சி பத்தி கேட்டீங்கன்னா கோரலுக்கு வெறும் கையே போதும். ஆர்கெஸ்ட்ராக்கு எங்க தெரு ஆசாரி ஒருத்தர் மூங்கில சீவி தேக்குல பிடி கடைஞ்சு குடுத்தார், இருநூறு ரூபா, ஆள்காட்டி விரல் மேல வெச்சா பிடிக்கு பக்கத்துல பேலன்ஸ் ஆகணும்னு மட்டும் சொன்னேன், கரெக்டா பண்ணிட்டார். நான்காயிரம் ரூபா இம்போர்ட்டட் குச்சி வாங்கினாலும் கை உங்களுதுதான்.

ரெக்கமண்டேஷன் லெட்டர் மூணு. நீங்க கண்டக்ட் பண்றத கண்ணால பாத்தவங்க எழுதணும், கம்பெனி மேனேஜர் எழுதினா செல்லாது. எங்க சர்ச் பழைய ஆர்கனிஸ்ட் மாஸ்டர்கிட்ட கேட்டேன், எழுபத்தெட்டு வயசு, எனக்கு பெடல் போட சொல்லிக் குடுத்தவர். லிங்க் அவர் மெயிலுக்கு போகுது, ஓடிபி அவர் பொண்ணு ஃபோனுக்கு போகுது, பொண்ணு பஹ்ரைன்ல. திண்ணைல உக்காந்து மூணு மணி நேரம். ஃபார்ம்ல தலைமைப் பண்பு, உணர்ச்சி முதிர்ச்சி எல்லாத்துக்கும் டிக் அடிக்க சொல்லுது, டாப் ரெண்டு சதவீதமா, டாப் பத்தா, டாப் இருபத்தஞ்சான்னு. மாஸ்டர் கண்ணாடிய கழட்டி தொடைச்சுட்டு, "தம்பி, நான் மொத்தம் அஞ்சு கொயர் மாஸ்டர்தான் பாத்திருக்கேன், அதுல ரெண்டு சதவீதம்னா உன் முழங்கை வரைக்கும் கூட வராதே"ன்னார். கடைசில டாப் பத்துல அடிச்சார். நான் பாக்கக்கூடாது, ஆனா ஸ்க்ரோல் பண்ணி விட்டதே நான்தான், என்ன பண்றது. போர்ட்டலுக்கு ரெண்டு ஸ்டார், அஞ்சு ஸ்கூலுக்கு அஞ்சு பாஸ்வேர்டு, மார்க் ஷீட் கிடைக்கலன்னு மெயில் வரும், அடுத்த நாள் கிடைச்சதுன்னு வரும், அதுக்கு அடுத்த நாள் கிடைக்கலன்னு வரும்.

கோரல்ல மூணுல ரெண்டு லைவ் ஆடிஷனுக்கு கூப்ட்டாங்க, பிப்ரவரில. கம்பெனி வேலையா எடுத்த பி ஒன் பி டூ விசிட்டர் விசா கையில இருந்துச்சு, இல்லன்னா விசா இன்டர்வியூ டேட் கிடைக்கறதுக்குள்ள ஆடிஷன் முடிஞ்சிருக்கும், இதயும் கணக்குல வெச்சுக்கோங்க. ரெண்டையும் ஒரே ட்ரிப்ல முடிச்சேன், டிக்கெட் ஒரு லட்சத்துக்கு மேல, அதுக்கு என் கேடிஎம் பைக் போச்சு.

முதல் ஆடிஷன்ல இருபத்தி நாலு ஸ்டூடண்ட்ஸ், ஜெர்மன் கம்போசர் பிராம்ஸோட ரெக்வியம்ங்கற பெரிய கொயர் பீஸோட நாலாவது பகுதி, எனக்கு பதினஞ்சு நிமிஷம். வெளிய பனி முழங்கால் உசரம், உள்ள எனக்கு வேர்வை. ஆரம்பிச்சேன், முதல் பக்கத்துலயே நிறுத்தினேன், டெனர் எண்ட்ரி லேட், அத சொன்னேன், ஏன் லேட்னு சொன்னேன், வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன், எங்க மூச்சு எடுக்கணும்னு பாடிக் காட்டினேன். நம்ம கொயர்ல அப்படித்தான், பாதி பேர் காதால கேட்டு கத்துக்கறவங்க, சொன்னாத்தான் வரும், நாலு தடவ சொன்னாத்தான் நிக்கும். இவங்க எல்லாரும் நோட்ஸ் பாத்தே பாடறவங்க. முடிஞ்சு வெளிய வந்ததும் புரொஃபசர் அம்மா ரொம்ப கனிவா சொன்னாங்க, பதினஞ்சுல ஏழு நிமிஷம் நீ பேசியிருக்க. ஏழு நிமிஷம்! எனக்கு பேசினதே தெரியல. இப்ப யோசிச்சா அந்த டெனர் லேட்டுக்கு நான் ஒரு மூச்சு இழுத்து கண்ணால பாத்திருந்தா முடிஞ்சிருக்கும், ஜூம்ல நாலு கிளாஸ் ஃபேன பாத்து பண்ணது அதுதானே.

மதியம் பியானோல ஸ்கோர் ரீடிங். நாலு குரல தனித்தனி வரியா குடுத்து வாசிக்க சொல்றாங்க, அதுல பழைய சி க்ளெஃப்ல எழுதினது, ஆல்டோ க்ளெஃப் டெனர் க்ளெஃப் (க்ளெஃப்னா எந்த கோடு எந்த ஸ்வரம்னு காட்டுற குறி). ஒரு குரல பாடிக்கிட்டே மத்த மூணையும் வாசிக்கணும். நான் வாசிச்சத கேட்டா பிராம்ஸ் எந்திரிச்சு வந்திருப்பார். அப்புறம் அவங்க கோரால்ங்கற நாலு குரல் துதிப்பாட்டு ஒண்ண தப்பா வாசிப்பாங்க, எந்த குரல்ல எந்த நோட் தப்புன்னு சொல்லணும், அது மட்டும் கண்ண மூடிட்டு சொன்னேன், ஒம்போது வருஷம் எங்க சொப்ரானோ ஆன்ட்டிங்க குடுத்த ட்ரெய்னிங் அது. ஜெர்மன் லத்தீன் உச்சரிப்ப ஐபிஏங்கற சர்வதேச உச்சரிப்பு குறில எழுத சொன்னாங்க, சுமார்.

ரெண்டாவது ஸ்கூல் மூணு நாள் கழிச்சு. இங்க வாய தெச்சுக்கிட்டேன். வெறும் ஆறு தடவ நிறுத்தினேன், ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம், "ஆல்டோ, பார் 12, இன்னும் லேசா". மிச்சத்த கையும் மூச்சும் பாத்துக்கிச்சு. இன்டர்வியூல ஒருத்தர் கேட்டார், உங்க ஊர் சங்கீதத்துல கண்டக்டரே இல்லையே எப்படி சேந்து முடிக்கிறாங்கன்னு. மிருதங்கக்காரர் மோரா, அதாவது ஒரே சொற்கட்ட மூணு தடவ வாசிச்சு முடிக்கிறத வெச்சு முடிக்கும்போது பாடகர் முகத்த பாக்கற விதத்த சொன்னேன், மூணு தடவ வர்றதுனால எல்லாருக்கும் முடிவு முன்னாடியே தெரிஞ்சிடும், அது ஒரு பெரிய ப்ரெப் பீட்டு மாதிரின்னேன். நான் எங்கயும் படிச்சு சொல்லல, வாய்ல வந்துச்சு. அவர் எழுதிக்கிட்டார்.

முதல் ஸ்கூல் வெயிட்லிஸ்ட், ரெண்டாவது அட்மிட். டியூஷன்ல பெரும்பகுதி தள்ளுபடி, பதிலுக்கு யூஜி ஸ்டூடண்ட்ஸ் கொயர் ஒண்ண நான் நடத்தணும், மாசம் ஒரு ஸ்டைபெண்ட். இந்த அசிஸ்டண்ட்ஷிப்தான் விஷயமே, அது இல்லாம சொந்த காசுல போய் கண்டக்டிங் படிக்கணும்னு நினைச்சா வீட்ட வித்தாலும் தாங்காது. ஃபண்டிங் குடுத்த ஸ்கூல் ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்க டைம் தரும், நான் ரெண்டு மணி நேரத்துல கையெழுத்து போட்டுட்டேன்.

மொத்த செலவ கேட்டு தலை சுத்தாதீங்க. அஞ்சு அப்ளிகேஷன், டோஃபல், சர்ட்டிஃபிகேட் அனுப்பினது எல்லாம் சேத்து தொண்ணூறாயிரம் கிட்ட, கன்சல்டன்சி அறுபது தண்டம், ஸ்ட்ரிங்ஸ் அண்ணன்கள் முப்பத்தெட்டு, ஜூம் கிளாஸ் நாப்பது, ட்ரிப்பு ஒன்னே முக்கால் லட்சம், இதுக்கு மேல சீவிஸ்ங்கற ஸ்டூடண்ட் பதிவு ஃபீஸ் 350 டாலர், விசா 185 டாலர். நாலு லட்சத்த தாண்டிடுச்சு. இதுல திரும்ப செய்யணும்னா கன்சல்டன்சிய வெட்டிட்டு அந்த காசுல இன்னொரு ஞாயித்துக்கிழமை அண்ணன்கள உக்கார வெச்சிருப்பேன், அதுவும் எல்கர் மட்டும்.

ஆகஸ்ட்ல கிளம்பறேன், அதுவரைக்கும் எங்க கொயர் பிராக்டிஸ் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வழக்கம் போலத்தான். இந்த வருஷம் யாராவது அப்ளை பண்றதா இருந்தா கீழ சொல்லுங்க, அரை மணி நேரம் கொயர உங்ககிட்ட விடறேன், ஆன்ட்டிங்ககிட்ட பேசிட்டேன், அவங்களுக்கு ஓகே, பிராக்டிஸ் முடிஞ்சு டீ மட்டும் உங்க செலவு. ட்ரைபாட் ஆல்டோவுக்கும் டெனருக்கும் நடுவுல அதே இடத்துலதான் நிக்குது.